அப்பாவின் சுகர் மாத்திரையைக் குறைத்துவிட்டார் டாக்டர். சரியா?

கேள்வி, பிப்ரவரி 5

அப்பாவுக்கு 79 வயது. கொளத்தூரில் தனியாக இருக்கிறார், நான் பெங்களூரில். இருபது வருஷத்துக்கு மேலாக சுகர். போன வருஷம் ஹெச்பிஏ1சி 6.3, எல்லோரும் பாராட்டினோம். இப்போது பக்கத்துத் தெரு டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டார், மெட்ஃபார்மினையும் பாதியாக்கிவிட்டார். 7.8க்கு ஏறிவிட்டது. கேட்டால் "இவருக்கு இது போதும்" என்கிறார். படிக்கிற இடத்தில் எல்லாம் 7க்குக் கீழே என்றுதான் இருக்கிறது. டாக்டரை மாற்றலாமா?

பிப்ரவரி 5, இரவு 10.50

மாற்றாதீர்கள்.

வியாசர்பாடியில் சின்ன கிளினிக் வைத்துப் பொது மருத்துவம் பார்க்கிறேன். மாத்திரையைக் கூட்டுகிற டாக்டரை வீட்டார் யாரும் கேள்வி கேட்பதில்லை. குறைக்கிறவர் மேல்தான் சந்தேகம் வருகிறது. உங்கள் அப்பாவின் டாக்டர் அதைத் தெரிந்தே செய்திருக்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை.

79 வயதில் தனியாக இருக்கிற ஒருவர், சுகரை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய (லோ சுகர்) கிளிமிபிரைடும் போட்டுக்கொண்டு 6.3 காட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஹெச்பிஏ1சி என்பது ரத்தச் சுகரின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. ஏறியதும் இறங்கியதும் அதற்குள் கலந்துவிடும். மதியம் 220, விடியற்காலை 55 என்று ஆடிக்கொண்டிருந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். கடந்த வருஷம் எங்காவது விழுந்தாரா? கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை) எவ்வளவு? இரவுச் சாப்பாட்டை யார் தருகிறார்கள், எத்தனை மணிக்கு?

பிப்ரவரி 6, காலை 7.15

பதில் பார்த்தேன். நவம்பரில் விடியற்காலை குளியலறையில் விழுந்திருக்கிறார். கிரியேட்டினின் 1.5. இரவுச் சாப்பாடு "பல நாள் இரண்டு பிஸ்கட்டும் பாலும்". நான் நினைத்ததற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வழுக்கி விழுந்தார் என்று நீங்கள் நினைத்தது இயல்பு. லோ சுகரால்தான் விழுந்தார் என்று இங்கிருந்து நானும் சொல்ல முடியாது. ஆனால் வயதானவர்களுக்கு லோ சுகர் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை. கை நடுக்கம், படபடப்பு, பசி எதுவும் இல்லாமல் நேராகக் குழப்பமாக வரும். பெயர் மாற்றிக் கூப்பிடுவார், உட்கார்ந்த இடத்திலேயே முறைத்துப் பார்ப்பார், கால் பின்னும். இதயத்துக்காக மெட்டோபுரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அடங்கிவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும். வீட்டார் "வயசாச்சு, மறதி" என்பார்கள். சில வேளை பக்கவாதம் என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த நேரத்தில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்த்தால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். 70க்குக் கீழே என்றால் லோ. 54க்குக் கீழே போனால் மூளைக்கே ஆபத்து.

அடுத்தது கிட்னி. 1.5 என்பதைப் பார்த்து "கொஞ்சம்தான் கூட" என்று எல்லோரும் கடந்துவிடுகிறார்கள். வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 79 வயது ஆணுக்கு அது ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு, குறைந்தால் கிட்னி மந்தம்) 47 அளவில் வரும். இன்னும் ஒன்று சொல்கிறேன். 30 வயது ஆணுக்கு கிரியேட்டினின் 1.3 இருந்தால் ஈஜிஎஃப்ஆர் 75ஐ ஒட்டி இருக்கும். அதே 1.3, 75 வயதுப் பாட்டிக்கு இருந்தால் 43தான். லேப் காகிதத்தில் இரண்டு பேருக்கும் ஒரே எண்.

கிட்னி மந்தமானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், சில மாத்திரைகளும் தங்கும். அதனால் சுகர் "தானாகவே கட்டுப்பட்டுவிட்டது" என்று ஒருவர் சந்தோஷமாக வந்து சொன்னால் நான் முதலில் எழுதுவது கிரியேட்டினின் பரிசோதனை. மெட்ஃபார்மினை ஈஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே பாதியாக்க வேண்டும், 30க்குக் கீழே நிறுத்திவிட வேண்டும். உங்கள் அப்பா 45ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். டாக்டர் முன்கூட்டியே பாதியாக்கியிருக்கிறார்.

பிப்ரவரி 7, இரவு

"அப்படியானால் 7 என்பது யாருக்கு?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

1998ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு, யூகேபிடிஎஸ். புதிதாக சுகர் வந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், கிட்னி பாதிப்பு குறையும் என்று காட்டியது. 7 என்ற எண்ணுக்குப் பின்னால் இந்த மாதிரி ஆட்கள்தான் இருக்கிறார்கள். 45 வயது, நேற்று சுகர் கண்டுபிடித்தது, இன்னும் முப்பது வருஷம் வாழப்போகிறவர்.

2008ல் அமெரிக்காவில் அக்கார்டு ஆய்வு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர், பல வருஷ சுகர், இதய நோய் உள்ளவர்கள் அல்லது அதற்கான ஆபத்து நிறைய உள்ளவர்கள். அவர்களில் ஒரு பாதியை 6க்குக் கீழே இறக்கப் பார்த்தார்கள். அந்தப் பாதியில் இறப்பு கூடியதால் இறுக்கமான சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இறுக்கிப் பிடித்தால் எல்லோருக்கும் நல்லது என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது.

இப்போது அமெரிக்க நீரிழிவு சங்கம் முதியவர்களைப் பிரித்துச் சொல்கிறது. நன்றாக நடமாடுகிற, வேறு பெரிய நோய் இல்லாத முதியவருக்கு 7 முதல் 7.5க்குள். பல நோய்களோடு, அன்றாட வேலைக்கே பிறர் கை வேண்டியிருப்பவருக்கு 8க்குள். படுக்கையில் இருப்பவர், மறதி முற்றியவர் என்றால் ஹெச்பிஏ1சியைத் துரத்தவே வேண்டாம். லோ வரக்கூடாது, அடிக்கடி சிறுநீர், தாகம் என்று அவதிப்படக்கூடாது. அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவின் 7.8, சராசரியாக 177 அளவு. இரவு பிஸ்கட் சாப்பிட்டுத் தனியாகத் தூங்குகிற மனிதருக்கு நானும் இதையேதான் வைத்திருப்பேன்.

பிப்ரவரி 8, மதியம்

நேற்று எழுதியதைப் படித்து ஒருவர் "எனக்கு 52 வயது, 8.1, அப்போ கவலை இல்லையே" என்று எழுதியிருக்கிறார். ஐயா, உங்களுக்குக் கவலை உண்டு. நீங்கள் இறக்கியே ஆக வேண்டும். 8 என்ற தளர்வு, லோ சுகரால் உயிருக்கே ஆபத்து என்கிற ஆட்களுக்காகச் சொன்னது. 52 வயதில் 8.1ஐ விட்டுவைத்தால் 62ல் கண்ணுக்கும் கிட்னிக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 8, இரவு

லோ வந்தால் என்ன தருவது என்று ஒரு சகோதரி கேட்டதற்கு: 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள், 70ஐத் தாண்டவில்லையென்றால் மறுபடியும். சாக்லேட், பால் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். தேறியதும் சாப்பாடு தர வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள். சென்னையில் நிறையப் பேர் கூட்டு மாத்திரையாக விழுங்குகிறார்கள், உள்ளே வோக்ளிபோஸ் இருப்பதே தெரியாது. அது வீட்டுச் சர்க்கரை உடைந்து ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவர்களுக்கு குளுக்கோஸ் பவுடரே வேண்டும். ஒரு பாக்கெட் வீட்டில் கிடக்கட்டும்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு (பழைய டயோனில்) சாப்பிட்டு லோ வந்தவர், கிட்னியும் பழுது என்றால், சர்க்கரைத் தண்ணீரில் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரை இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் திரும்ப விழுவார். ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும். டயோனிலை முதியவர்களுக்கு நான் எழுதுவதே இல்லை.

பிப்ரவரி 9

"இதெல்லாம் சுகர் ஸ்பெஷலிஸ்ட் பார்க்க வேண்டிய வேலை, தெருமுனை டாக்டர் ஏன் தலையிட வேண்டும்" என்கிறார் ஒருவர்.

சென்னையில் இருந்துகொண்டு ஸ்பெஷலிஸ்டுகளைக் குறைத்துப் பேச மாட்டேன். 1948ல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சுகருக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, பிறகு 1954ல் ராயபுரத்தில் அதற்கென்றே மருத்துவமனை ஆரம்பித்த பேராசிரியர் எம். விஸ்வநாதன் இந்த ஊர்க்காரர். இந்தப் பாடத்தை நாடு முழுக்கச் சொல்லித் தந்த ஊர் இது. சிக்கலான ஆட்களை நான் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆனால் 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சுகர். எல்லோரும் ஸ்பெஷலிஸ்ட் வாசலில் நிற்க முடியாது. அதோடு, அந்தப் பெரியவருக்கு இரவில் யார் சோறு போடுகிறார்கள், மருமகள் வேலைக்குப் போகிறாளா, மாத்திரை டப்பாவை யார் பிரிக்கிறார்கள் என்பது தெருமுனையில் இருக்கிறவருக்குத்தான் தெரியும். மருந்தின் அளவை முடிவு செய்ய அந்தத் தகவல் கிரியேட்டினினுக்குக் குறைந்ததில்லை.

பிப்ரவரி 13

ரமலான் அடுத்த வாரம். புளியந்தோப்பிலிருந்து வருகிற குடும்பங்கள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டன. நோன்பு தொடங்கிய பிறகு வருவதைவிட இதுதான் சரி. ஆறு வாரம் முன்பே வந்தால் இன்னும் நல்லது.

யாருக்கு நோன்பு வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சமீபத்தில் லோ சுகரால் நினைவிழந்தவர், டயாலிசிஸில் இருப்பவர், இன்சுலின் போடுகிற கர்ப்பிணி, காய்ச்சல், தொற்று என்று படுத்திருப்பவர். நோயாளிக்குக் குர்ஆனிலேயே விலக்கு இருக்கிறது, ஃபித்யா (நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிப்பது) இருக்கிறது. நான் சொன்னால் சில பெரியவர்கள் கேட்க மாட்டார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னால் கேட்பார்கள். அவரிடமே போகச் சொல்கிறேன், ஒரு தடவைகூட அவர் என் வார்த்தையைத் தள்ளியதில்லை.

வைக்கலாம் என்கிறவர்களுக்கு: பெரிய டோஸ் நோன்பு திறக்கும் நேரத்துக்கு (இஃப்தார்) மாறும், விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்குச் சின்ன டோஸ். நாளைக்கு ஒரே வேளை கிளிமிபிரைடு என்றால் அது இஃப்தாருக்கு, அதுவும் குறைத்து. மெட்ஃபார்மினால் தனியாக லோ வருவது அரிது, இரண்டு வேளையாகப் பிரித்தால் போதும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் அதிகம் போகும். வெயில் ஏற ஏறத் தண்ணீர்ச் சத்து வற்றும், அதனால் அதையும் இஃப்தாருக்கே மாற்றி, இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறேன்.

விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பயப்படாமல் பாருங்கள். 70க்குக் கீழே போனாலும், 300ஐத் தாண்டினாலும் அந்த நொடியே நோன்பை விடுங்கள். அஸர் தொழுகைக்கும் நோன்பு திறக்கும் மஃரிபுக்கும் நடுவில், மாலையில்தான் அதிகம் விழுகிறார்கள். "இன்னும் அரை மணி நேரம்தானே" என்று இழுக்காதீர்கள்.

பிப்ரவரி 14

ஏகாதசிக்கும் இது பொருந்துமா என்று கேட்டவருக்கு: பொருந்தும். சாப்பாடு இல்லாத நாளில் சாப்பாட்டுக்கான மாத்திரையும் இல்லை. ஆனால் இன்சுலினைத் தானாக முழுக்க நிறுத்தக்கூடாது, டைப் 1 (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) என்றால் கனவிலும் கூடாது. முந்தைய வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விரதமே இல்லாமல் தினமும் விரதம் இருக்கிறவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கள் பகுதியிலிருந்து புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். சீட்டில் "காலை உணவுக்கு முன்" என்று இருக்கும். அவர்கள் விடியற்காலை ஒரு டீ, இரண்டு பொறையோடு கிளிமிபிரைடை விழுங்கிவிட்டுக் கிளம்புவார்கள். சோறு பதினொரு மணிக்கு, மூன்று வீடு முடித்த பிறகு. ஒன்பதரை மணிக்கு யாரோ ஒருவர் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கண் இருட்டும். "மயக்கம் வருது டாக்டர், சத்து ஊசி போடுங்க" என்று வருவார்கள்.

சத்து ஊசியில் ஒன்றும் ஆகாது. மாத்திரையை அவர் சாப்பிடுகிற நேரத்துக்கு நகர்த்த வேண்டும், அல்லது லோ வராத மாத்திரைக்கு மாற்ற வேண்டும். அப்படிப்பட்ட சிட்டாக்ளிப்டினின் காப்புரிமை 2022ல் முடிந்து விலை இறங்கிவிட்டது, இது ஏழைகளுக்குப் பெரிய உதவி. இப்போதெல்லாம் சீட்டு எழுதும் முன் "காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, என்ன சாப்பிடுவீங்க" என்று கேட்காமல் நான் பேனாவை எடுப்பதில்லை.

மார்ச் 10

இன்று கர்ப்பகால சர்க்கரைநோய் விழிப்புணர்வு நாள். சென்னையின் டாக்டர் வி. சேஷய்யாவின் பிறந்த நாளைத்தான் இந்தியா இப்படி அனுசரிக்கிறது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பாதிப் பெண்கள் திரும்ப வரமாட்டார்கள் என்பதைப் புரிந்துகொண்டு, சாப்பிட்டு வந்திருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் முறையைப் பரவலாக்கியவர். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை. முதல் செக்கப்பிலேயே ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை.

ஒரு மாதமாக இங்கே "தளர்த்துங்கள், குறையுங்கள்" என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கர்ப்பிணிக்கு நேர் எதிராகச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே. தாத்தாவுக்கு 177 சராசரி போதும் என்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்து, பேத்திக்கு 130 இருந்தால் கூடுதல் என்கிறேன். ஏற்கெனவே சுகர் இருக்கிற பெண் குழந்தை வேண்டும் என்று நினைத்தால், கருத்தரிக்கும் முன்பே 6.5க்குக் கீழே கொண்டுவருவது நல்லது. பிரஷருக்கு ராமிப்ரில், டெல்மிசார்டன், கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாட்டின் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். முப்பதுகளில் இருக்கிற பெண்ணுக்கு இந்தச் சீட்டை எழுதும்போதே "குழந்தை பற்றி யோசனை இருக்கிறதா" என்று கேட்டுவிடுவது நல்லது.

மார்ச் 12

விட்டுப்போனது: பிரசவத்துக்குப் பிறகு. சுகர் இறங்கிவிடும், இன்சுலினை நிறுத்திவிடுவார்கள், பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். ஆறாவது வாரம் செய்ய வேண்டிய குளுக்கோஸ் பரிசோதனை காற்றில் போய்விடும். இந்தப் பெண்களுக்குப் பின்னாளில் டைப் 2 வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வரும் அன்றே தாய்க்கும் பார்த்துவிடுங்கள். பாட்டிமார்களே, தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துகிற உங்கள் கையில்தான் இது இருக்கிறது.

மார்ச் 24

காசநோய் நாள். சுகர் உள்ளவர் மெலிந்தால் "சுகர் உருக்குது" என்றே எல்லோரும் முடிவு செய்துவிடுகிறோம். சுகர் இருந்தால் டிபி வருகிற வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை.

சேத்துப்பட்டில் இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956ல் தொடங்கியது. சானடோரியத்தில் (டிபி நோயாளிகளுக்கான மருத்துவமனை) படுக்கவைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் டிபி அதே அளவு குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது அங்கேதான். அதனால் இன்று என் நோயாளி வீட்டிலிருந்தபடி டிபி மாத்திரை சாப்பிடுகிறார், சுகர் மாத்திரையும் சேர்த்து. இங்கேதான் ஒரு சிக்கல். டிபிக்குத் தருகிற ரிஃபாம்பிசின் மருந்து, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரைகளைக் கல்லீரலில் சீக்கிரம் சிதைய வைத்துவிடும். சுகர் ஏறும். நாங்கள் டோஸை ஏற்றுவோம். ஆறு மாதத்தில் டிபி கோர்ஸ் முடியும், ரிஃபாம்பிசின் நிற்கும், பசியும் எடையும் சீராகியிருக்கும். ஏற்றிய கிளிமிபிரைடு மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் லோ.

ஸ்டீராய்டிலும் இதே கதை. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ காலையில் பிரெட்னிசோலோன் போட்டால் மதியத்துக்கு மேல் சுகர் எகிறும், வெறும் வயிற்றில் நார்மலாக இருக்கும். காலை சுகரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஸ்டீராய்டை இறக்க இறக்க இன்சுலினையும் கூடவே இறக்க வேண்டும்.

பிப்ரவரியிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பதும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஏற்றுவதற்கு லேப் ரிப்போர்ட் நினைவுபடுத்துகிறது. இறக்க வேண்டும் என்று எதுவும் நினைவுபடுத்துவதில்லை. அதனால் சீட்டிலேயே "டிபி மருந்து முடியும் மாதம் டோஸைக் குறைக்க வரவும்" என்று தேதியோடு எழுதிவிடுகிறேன். மற்ற டாக்டர்களும் செய்தால் நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 2

டயாலிசிஸில் இருக்கும் அம்மாவுக்கு ஹெச்பிஏ1சி 5.9 என்று ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். அந்த எண்ணை நம்ப வேண்டாம். ரத்தம் ஊறுவதற்குப் போடும் எரித்ரோபாய்டின் ஊசி, ரத்தம் ஏற்றுவது இரண்டும் அதைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு சில வேளை பொய்யாகக் கூட்டிக் காட்டும். வீட்டு மீட்டரில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எழுதி வைத்த நோட்டுதான் அவருக்கு உண்மை சொல்லும்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு நடக்க முடியாத பலருக்கு வாசலிலேயே மாத்திரை கிடைக்கிறது. மனசார வரவேற்கிறேன். மாத்திரை வீட்டுக்கு வருகிற பெரியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வருஷத்துக்கு ஒரு முறையாவது கிரியேட்டினினும் பி12ம் பாருங்கள். மெட்ஃபார்மின் பல வருஷம் போனால் பி12 இறங்கும், கால் எரிச்சலுக்கு அதுவும் காரணமாகலாம்.

மே 6

அக்னி நட்சத்திரம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரிட்ஜில். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டும். திறந்த வயலை (இன்சுலின் குப்பியை) நான்கு வாரம் வெளியே வைக்கலாம், ஆனால் மே மாதச் சென்னை வீட்டின் வெப்பம் அதற்கு ஆகாது. ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் தண்ணீர் உள்ள மண்பானைக்குள், நனையாதபடி டப்பாவில் போட்டு வையுங்கள்.

கால் மரத்துப்போனவர்கள் இந்த மாதம் கோயில் பிராகாரத்தில் மதிய வேளையில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். சுடுவதே தெரியாது, மாலையில் கொப்புளம்தான் தெரியும். காலையில் போங்கள், வீட்டுக்கு வந்ததும் யாராவது பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

மே 7

கண் மங்கிய அம்மா தனக்குத் தானே இன்சுலின் போட்டுக்கொள்கிறார், என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டவருக்கு.

முதலில் வயலில் 40 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா (ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்பது) பாருங்கள். நம் ஊரில் இரண்டும் கிடைக்கிறது. 40க்கு சிவப்பு மூடி ஊசி, 100க்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 வயலிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் 20 யூனிட் என்று நினைத்து 50 யூனிட் போய்விடும். கடையில் பையன் கொடுத்ததை அப்படியே வாங்கி வரக்கூடாது, வயலையும் ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று ஊசி என்று இருந்தால், காலையில் ஒரே ஊசியாக மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல முதியவர்களுக்கு முடியும். சுகர் கொஞ்சம் கூடத்தான் நிற்கும், ஆனால் நீங்கள் வேலைக்குக் கிளம்பும் முன் உங்கள் கையாலேயே போட்டுவிடலாம். இன்சுலின் பேனா வாங்க வசதி இருந்தால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'டிக்' என்று சத்தம் வரும், எண்ணிக்கொள்ளலாம். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று எழுதுங்கள், அதைப் பொறுத்து மேலே சொல்கிறேன்.